மகாகவி உருத்திரமூர்த்தி எந்த வகையில் நவீனர்?

உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஈழத்து நவீன கவிதை என்றால் எல்லோரும் மகாகவியில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எடுத்துப் பார்த்தால் வெண்பாவும் அகவலும் கலிப்பாவுமாக எல்லாம் யாப்பில்தான் இருக்கிறது. எதுகை மோனைகூடத் தப்பவில்லை. இதில் நவீனம் எங்கே, பரிசோதனை எங்கே? வாசிப்பதென்றால் எதில் தொடங்குவது?"

நியாயமான கேள்வி. நவீன கவிதை என்றால் யாப்பை, அதாவது மரபுச் செய்யுள் இலக்கணத்தை, விட்ட கவிதை என்று பாடப்புத்தகங்கள் நம் மனதில் பதித்துவைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுக் கதையை வைத்துப் பார்த்தால் அது ஓரளவு சரியும்கூட. அங்கே சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழைச் சுற்றித்தான் புதுக்கவிதை வளர்ந்தது. நம் திருகோணமலைக்காரரான தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கம்தான். யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. இங்கே நவீனம் யாப்பின் உள்ளிருந்தே முளைத்தது. அதைச் செய்து காட்டியவர்களில் முதல் ஆள் மகாகவி. யாப்பை வைத்துக்கொண்டே அதற்குள் நம் ஆட்கள் கதைக்கிற குரலை அவர் கொண்டுவந்தார். அவருடைய பரிசோதனை என்று நான் சொல்வது இதைத்தான்.

மகாகவி என்றதும் பாரதியை நினைப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நாம் பேசுவது அளவெட்டி து. உருத்திரமூர்த்தியைப் பற்றி. 'மகாகவி' அவர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். 1927 ஜனவரி 9இல் பிறந்தார், 1971 ஜூன் 20இல் காலமானார். நாற்பத்து நான்கு வயதுதான். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் படித்து, அரசாங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து கொழும்புக்குப் போனார். பின்னர் நிர்வாக சேவைக்குள் நுழைந்தார். யாழ்ப்பாணத்தில் படித்த பெடியன் ஒருவன் அந்தக் காலத்தில் போகிற வழக்கமான பாதைதான் அது. பகலில் கந்தோர், இரவில் கவிதை, மனம் மட்டும் எப்போதும் ஊரில்.

அந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அளவெட்டி என்றால் நாதஸ்வரமும் தவிலும். தவில் மேதை தட்சணாமூர்த்தி, நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் இருவரையும் அந்த ஊரோடு சேர்த்துத்தான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். மகாகவியின் காதில் இருந்த தாளக்கட்டை அந்தக் கோயில் வீதிகளோடு சேர்த்தே நான் நினைப்பதுண்டு. இது என் எண்ணம் மட்டுமே, ஆனால் அவருடைய 'கோடை' என்ற பாநாடகம் (செய்யுளில் எழுதிய நாடகம்) நாதஸ்வரக் குடும்பம் ஒன்றின் கதைதான். எழுத்துப் பக்கத்திலும் அளவெட்டி வறண்ட ஊர் இல்லை. அ. ந. கந்தசாமியும் அ. செ. முருகானந்தனும் அங்கே உலவியவர்கள்.

அவர் எழுதத் தொடங்கிய நாற்பதுகள் யாழ்ப்பாணத்தில் துடிப்பான காலம். சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையாவின் 'ஈழகேசரி' பத்திரிகை வந்துகொண்டிருந்தது. 1943இல் மறுமலர்ச்சிச் சங்கம் உருவானது, 1946இல் 'மறுமலர்ச்சி' இதழ் வந்தது. யாப்பில்லாத வசனகவிதை எழுதிப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். வரதர் 1943இலேயே ஈழகேசரியில் அப்படி ஒன்று எழுதிவிட்டார். அதே வரதரோடு சேர்ந்துதான் 1955இல் மகாகவி 'தேன்மொழி' என்ற கவிதை இதழை நடத்தினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாப்பை விட்டும் எழுதலாம் என்பது மகாகவிக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தே யாப்போடு நின்றவர் அவர். பழமையில் ஊறியதால் வெளியே வரத் தெரியாமல் நின்றவர் என்று எண்ணினால் அவரைப் பிழையாக வாசிப்போம்.

அவருடைய கொள்கை அறிக்கை என்று சொல்லத்தக்க ஒரு பாட்டு உண்டு. நம்மில் பலருக்கு அது மனப்பாடம்.

"இன்னவைதாம் கவி எழுத ஏற்ற பொருள் என்று பிறர்
சொன்னவற்றை நீர் திருப்பிச் சொல்லாதீர்!"

அடுத்து என்ன சொல்கிறார்? சோலை, கடல், மின்னல், முகில், தென்றல் இதையெல்லாம் மறந்துவிடுங்கள். மீந்திருக்கிற இன்னல், உழைப்பு, ஏழ்மை, உயர்வு என்பவற்றைப் பாடுங்கள் என்கிறார். பழைய பாடுபொருளைத் தள்ளச் சொல்லும் இந்தப் பாட்டின் வடிவத்தைக் கவனியுங்கள். நான்கு காய்ச்சீர் (மூன்று அசை கொண்டு நேரசையில் முடியும் சீர்) கொண்ட அடிகள், அடிதோறும் எதுகை. சுத்தமான கொச்சகக் கலிப்பா ஓசை. பொருளை மாற்று, வடிவத்தை வளைத்துப் பார் என்பதுதான் அவர் கட்சி.

வளைத்தல் என்றால் என்ன என்பதற்கு 'தேரும் திங்களும்' கவிதையைப் பார்க்கலாம். நான் மகாகவியைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் முதலில் எடுப்பது இதைத்தான். ஊர் கூடித் தேர் இழுக்கிறது. ஒரு இளைஞன், வாருங்கள் நாமும் வடம் பிடிப்போம் என்று வருகிறான். வரக்கூடாத சாதி. தடுக்கிறார்கள், அடிதடியாகிறது, இரத்தம் சிந்துகிறது, தேர் வேர்விட்டதுபோல் நின்றுவிடுகிறது. முந்தநாள் போய் நிலவைத் தொட்டுவிட்டு வந்தவனின் சுற்றம் மண்ணிலே புரள்கிறது என்று பாட்டு முடியும். அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம். அளவெட்டியிலிருந்து அது தூரமில்லை. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால்வைக்கிறான். இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை. பாட்டின் தலைப்பில் தேரும் திங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இனி, அந்தக் கூட்டம் பாய்கிற இடம். ஒரே ஒரு அடியை எடுக்கிறேன்:

"நில் என்றான் ஓராள், நிறுத்து என்றான் மற்றோராள்"

அடுத்த அடியில் ஒருவன் 'புல்' என்கிறான், இன்னொருவன் 'புலை' என்கிறான். அதற்கடுத்து 'கொல்', 'கொளுத்து'. கூட்டத்துக்குள் இருந்து வரும் கத்தல்கள், வேறொன்றும் இல்லை. கோயிலடியில் சண்டை மூண்டால் காதில் விழுகிற அதே துண்டுச் சொற்கள். இப்போது பாடசாலையில் படித்த யாப்பை வைத்து இதை அலகிடுங்கள், அதாவது அசையும் சீருமாகப் பிரியுங்கள். நில்லென்றா, னோராள், நிறுத்தென்றான், மற்றோராள். சீர்களின் வாய்பாடு தேமாங்காய், தேமா, புளிமாங்காய், தேமாங்காய். காய் முன் நேர், மா முன் நிரை, மறுபடி காய் முன் நேர். வெண்டளை, அதாவது வெண்பாவுக்கான சீர்ப் பிணைப்பு, ஒரு இடத்திலும் பிசகவில்லை. நில், புல், கொல் என்று அடி எதுகை. நில்லுக்கு நிறுத்து, புல்லுக்குப் புலை, கொல்லுக்குக் கொளுத்து என்று முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை. இலக்கணம் கேட்பது எல்லாம் இருக்கிறது. ஆனால் வாய்விட்டு வாசிக்கும்போது இலக்கணம் உங்கள் நினைவுக்கு வராது, அந்தக் கூட்டத்தின் வெறிதான் வரும். எதுகையும் மோனையும் அலங்காரமாக ஒட்டிக்கொண்டு நிற்காமல், அடி மேல் அடியாக விழுகின்றன. 'நில்'லில் தொடங்கிய வெறி 'கொளுத்து' வரை ஏறுவதற்குப் படிகட்டிக் கொடுப்பதே அந்த ஓசைதான். யாப்பை நீக்கிவிட்டு இதே செய்தியை எழுதினால் இந்த வேகம் வராது என்று நான் துணிந்து சொல்வேன்.

அதே கவிதையில் இன்னொரு நுணுக்கம். அந்த இளைஞனை அறிமுகப்படுத்தும்போது, "வந்தான். அவன் ஓர் இளைஞன். மனிதன் தான்." என்று எழுதுகிறார். ஒரு அடிக்குள் மூன்று வாக்கியம், மூன்று முற்றுப்புள்ளி. பழைய செய்யுளில் வாக்கியம் அடியின் முடிவுவரை ஓடும், பலவேளை நான்கு அடியும் ஒரே வாக்கியமாக ஓடும். மகாகவி வாக்கியத்தை அடிக்கு நடுவில் நிறுத்துவார், நடுவில் தொடங்கி அடுத்த அடிக்குள் தள்ளிவிடுவார். ஓசை ஒரு கணக்கில் போகும், பேச்சு இன்னொரு கணக்கில் போகும். இரண்டும் சில இடத்தில் சேரும், சில இடத்தில் முட்டும். அந்த முட்டலில்தான் மனிதக் குரல் கேட்கிறது. அலகிட்டால் அந்த அடியும் சுத்தமான வெண்டளைதான்: தேமா, புளிமா, புளிமா, புளிமாங்காய். 'மனிதன்தான்' என்று வந்து முடிகிற இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். சாதி சொல்லித் தடுக்கப்போகிற கூட்டத்துக்கு முன்னால் கவிஞர் வைக்கிற முழு வாதமும் அந்த ஒரு சீரில் இருக்கிறது.

இது மேடைப் பேச்சுக்கு உதவுகிற பெரிய விஷயம், சின்ன விஷயத்துக்கு இந்த உத்தி சரிவருமா என்று கேட்டால், 'புள்ளி அளவில் ஒரு பூச்சி' இருக்கிறது. ஒருவர் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வரியின் முடிவில் பிழையாக விழுந்த காற்புள்ளி மாதிரி ஏதோ தெரிகிறது. புறங்கையால் தட்டிவிடுகிறார். அது ஒரு பூச்சி. செத்துவிட்டது. தாளில் ஒரு கீறு, அதுவும் ஓரங்குல நீளம்கூட இல்லை. கவிதை முழுவதும் அந்தப் பூச்சியிடம் மன்னிப்புக் கேட்பதுதான். பெரிய தத்துவம் ஒன்றும் பேசாமல், நெஞ்சு 'நெருக்' என்று ஆனதை மட்டும் சொல்கிற இந்தக் கவிதையில் வருகிற குரல், தனியாக இருக்கும்போது நாம் நமக்குள் பேசிக்கொள்கிற குரல். தேருக்குக் கூடிய கூட்டத்தின் கத்தலுக்கும் இந்த முணுமுணுப்புக்கும் ஒரே தளைதான் அடியில் ஓடுகிறது. ஒரே யாப்பில் இத்தனை தொனி வரும் என்று காட்டியதை நான் சாதனை என்பேன்.

சரி, குறும்பாவுக்கு வருவோம். பரிசோதனை என்ற சொல் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிப் பொருந்துவது இதற்குத்தான். 1966இல் நூலாக வந்தது. ஆங்கிலத்தில் லிமரிக் என்று ஒரு ஐந்தடி வேடிக்கைப் பாட்டு உண்டு, எட்வர்ட் லியர் பிரபலமாக்கியது. முதல் இரண்டு அடியும் கடைசி அடியும் ஒரே இயைபில், அதாவது ஒரே ஒலியில், முடியும். நடுவில் இரண்டு சின்ன அடிகள். மகாகவி இதைத் தமிழுக்குக் கொண்டுவந்த விதம் படிக்கவேண்டிய ஒன்று. முத்துக்குளிக்கிற ஒருவனைப் பற்றிய குறும்பா அதில் புகழ்பெற்றது. கடலுக்குள் மூழ்கியவன் முன் காலன் வந்து நிற்கிறான், இவன் சத்தமில்லாமல் பத்து முத்தை அவன் கையில் பொத்தி வைக்கிறான், காலன் போய்விடுகிறான். லஞ்சம் எமலோகத்திலும் செல்லும் என்பதை எங்கேயும் சொல்லாமல் சொல்கிற பாட்டு. அதில் சீலன், காலன், சூலன் என்று அடி முடிவில் வருவது லிமரிக்கின் இயைபு. முத்தெடுக்க, சத்தமின்றி, பொத்தி என்று அடித் தொடக்கத்தில் வருவது நம்முடைய எதுகை. மூன்று சீர், மூன்று சீர், இரண்டு, இரண்டு, மறுபடி மூன்று. காய்ச்சீராக ஓடிவந்து, நீண்ட அடிகளின் கடைசியில் மட்டும் 'தேமா'வில் டக்கென்று நிற்கும். வெளியிலிருந்து வந்த வடிவம் இரண்டு பக்கமும் தமிழ்ப் பூட்டுப் போட்டு நம்முடையதாகிவிட்டது. அதற்குப் பிறகு குறும்பா எழுதியவர்கள் ஈழத்தில் பலர். பெயரும் வடிவமும் அவர் வைத்தபடியே நிலைத்துவிட்டன.

எல்லாக் குறும்பாவும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். பெண்களைக் கேலிசெய்து சிரிப்பு வாங்குகிற சில, இன்று வாசிக்கும்போது உறுத்துகின்றன. அவருடைய முதல் தொகுப்பான 'வள்ளி'யிலும் (1955) கனவுத்தன்மை கூடுதல். கிராமத்தை அழகாகவே பார்க்கிற கண் அதில் இருக்கிறது. பிறகு வந்த கவிதைகளில் அந்தக் கண் கூர்மையானது.

நெடுங்கவிதைகளில் 'கண்மணியாள் காதை'யையும் (1968) 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். முதலாவது சாதி குறுக்கே நிற்கிற காதல் கதை. வில்லுப்பாட்டுக்கென்றே எழுதப்பட்டது. லடீஸ் வீரமணி அதை மேடையில் பாடினார். ஏட்டில் இருக்கிற கவிதையைத் திரும்பவும் கேட்கிற கவிதையாக்கும் முயற்சி அது. இரண்டாவதன் தலைப்பிலேயே புரட்சி இருக்கிறது. காவியத் தலைவன் அரசனாக, தெய்வமாக, குறைந்தபட்சம் வீரனாக இருக்கவேண்டும் என்ற விதியை எடுத்துத் தூரப் போட்டு, பிறந்து வளர்ந்து கலியாணம் செய்து பிள்ளை பெற்றுச் சாகிற ஒரு ஆளின் வாழ்க்கைக்குச் 'சரித்திரம்' என்று பெயர் வைத்தார். அந்த நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நாடகம் தனி அத்தியாயம். 'கோடை', 'புதியதொரு வீடு' இரண்டையும் தாசீசியஸ் நெறியாள்கை செய்து மேடையேற்றினார். பாநாடகம் என்றால் நடிகர் செய்யுளை நெட்டுருப் பண்ணி ஒப்பிப்பார் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கும். மகாகவியின் பாத்திரங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைக்கும். மேலே சொன்ன, வாக்கியத்தை அடிக்கு நடுவில் உடைக்கிற பழக்கம் இங்கே முழுப் பலனையும் தருகிறது. ஒருவர் தொடங்கிய அடியை இன்னொருவர் முடிப்பார். மீனவர் வாழ்வைச் சொல்கிற 'புதியதொரு வீடு' நாடகத்தில் வரும் "சிறு நண்டு மணல் மீது படம் ஒன்று கீறும்" என்ற பாட்டைக் கேட்காத நாடகக்காரர் நம்மிடம் இல்லை. நண்டு கீறிய படத்தைச் சிலவேளை கடல் வந்து கொண்டுபோய்விடும் என்று அது தொடரும். கடலுக்குப் போனவர் திரும்பி வருவாரா என்று காத்திருக்கிற வீடுகளின் நிலை அவ்வளவும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இவ்வளவு செய்தவருக்கு உயிரோடு இருந்த காலத்தில் கிடைத்த கவனம் குறைவு. 1954இல் உருவான முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அதைச் சார்ந்த விமர்சகர்களும் இலக்கிய உலகில் ஓங்கி நின்ற காலம் அது. அவர்கள் முன்னிறுத்திய பெயர்களில் மகாகவி இல்லை. அந்த அணியைக் கடுமையாக விமர்சித்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் மகாகவியின் பெருமையை அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர். சாதிக் கொடுமைக்கு எதிராகத் 'தேரும் திங்களும்' எழுதியவரை முற்போக்குத் தரப்பே தள்ளிவைத்திருந்தது எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கலான விஷயம். பிறகு கவிஞரும் விமர்சகருமான எம். ஏ. நுஃமான் விடாமல் உழைத்து அவரைப் பதிப்பித்தார், விளக்கினார். நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் வந்தபோது, அதன் முதல் கவிஞராக மகாகவி இருந்தார். கிழக்கே கல்முனையில் இருந்த ஒருவர் அளவெட்டிக் கவிஞரை இப்படித் தூக்கி நிறுத்தியதை நன்றியோடு சொல்லவேண்டும்.

யாப்பு அப்புறம் என்ன ஆனது என்று கேட்டால், அடுத்த தலைமுறை அதை மெல்ல இறக்கி வைத்தது. மகாகவியின் மகன் சேரனின் 'இரண்டாவது சூரிய உதயம்' 1983இல் வந்தது. எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பாடிய தலைப்புக் கவிதையில் சீர் எண்ண முடியாது. ஆனால் சத்தமாக வாசித்துப் பாருங்கள், வாக்கியம் எங்கே நிற்கவேண்டும், எங்கே ஓடவேண்டும் என்ற கணக்கு தகப்பனிடமிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது. எண்பதுகளின் ஈழக் கவிதை பேச்சாக ஒலித்ததற்கு, யாப்புக்குள் பேச்சை முதலில் பழக்கிய ஒரு தலைமுறை இங்கே இருந்தது முக்கியமான காரணம்.

தொடங்குவதற்கு வழி: முதலில் 'தேரும் திங்களும்', 'புள்ளி அளவில் ஒரு பூச்சி' இரண்டையும் எடுங்கள். முதல் தடவை அலகிடவேண்டாம், ஒருவருக்கு முன்னால் உரத்து வாசியுங்கள். இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்து சீர் பிரியுங்கள். பிறகு குறும்பாவில் ஒரு இருபது. அதற்குப் பின் 'கோடை'. அதைத் தனியாக வாசிக்காமல் இரண்டு மூன்று பேராகப் பாத்திரம் பிரித்து வாசித்தால்தான் விளங்கும். பழைய பிரதிகள் கடைகளில் கிடைப்பது அரிது, 'நூலகம்' இணையத்தளத்தில் தேடுங்கள். மகாகவி பிடித்துப்போனால் அடுத்துத் தென்மராட்சிக் கல்வயலைச் சேர்ந்த இ. முருகையன். மகாகவியோடு சேர்ந்து 'தகனம்' என்ற காவியத்தை எழுதியவர் அவர், யாப்பில் தர்க்கம் பேசுபவர். பிறகு கிழக்கிலங்கைக் கவிஞர் நீலாவணன். மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கலிவெண்பா மூன்று வாயில் எப்படி மூன்றாக ஒலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.